இட்டேரியில் நடப்பவர்கள்: கொங்குப் புல்வெளியும் நம் நாவல்களும்

காங்கயத்திலிருந்து பழனி வரைக்கும் நடக்கப் போறேன் என்று சொன்னதும் நண்பன் கேட்ட முதல் கேள்வி, "அங்க பாக்கறதுக்கு என்னடா இருக்கு?"

அவன் கோயம்புத்தூர்க்காரன். வெள்ளியங்கிரி ஏழு மலையும் நாலு தடவை ஏறினவன். மலை என்றால் போவான், காடு என்றால் போவான். வால்பாறை, டாப்சிலிப், மூணாறு எல்லாம் அவன் கைபேசியில் இருக்கிறது. சமவெளி மட்டும் அவனுக்குப் பேருந்து ஜன்னலில் ஓடுகிற ஒன்று. தாராபுரம் ரோட்டில் ஏசி பஸ்ஸில் தூங்கிக்கொண்டே கடக்கிற இரண்டு மணி நேரம். அவனைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. இருபத்தெட்டு வயசு வரைக்கும் நானும் அப்படித்தான் தூங்கியிருக்கிறேன்.

அந்தக் கேள்வியை நம் இலக்கியத்தைப் பார்த்தும் கேட்கலாம் என்று பிறகு தோன்றியது. மலையைப் பற்றி எழுதியிருக்கிறோம். ஆற்றைப் பற்றி, கடலைப் பற்றி, கரிசலைப் பற்றி எழுதியிருக்கிறோம். கரூரிலிருந்து காங்கயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் வரைக்கும் விரிந்து கிடக்கிற மேய்ச்சல் நிலத்தை எழுதியிருக்கிறோமா? எழுதியிருக்கிறோம் என்பதுதான் என் பதில். எழுதியதை அந்த நிலமாக வாசிக்கவில்லை.

தை மாசம். பாதயாத்திரைக் கூட்டத்தோடு கிளம்பினேன். மூன்று நாள், ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர். முதல் நாள் முழுக்க ஊதியூர் மலை கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. காலையில் பார்த்தபோதும் இருந்தது, மத்தியானம் பார்த்தபோதும் கிட்டத்தட்ட அதே அளவில் இருந்தது. மலையேறும்போது ஒவ்வொரு வளைவும் உங்களுக்குக் கூலி கொடுத்துவிடும், ஒரு காட்சி, ஒரு காற்று. சமவெளி அப்படித் தராது. மணிக்கணக்காக நடந்த பிறகு, கண் வேறு வழியில்லாமல் காலடிக்கு வரும். அப்போதுதான் புல் தெரிய ஆரம்பிக்கிறது.

கூட்டம் தார் ரோட்டில் போனது. நானும் இன்னும் இரண்டு பேரும் முடிந்த இடத்திலெல்லாம் இட்டேரியில் இறங்கி நடந்தோம். கொங்குக்காரர்களுக்கு இட்டேரி என்றால் விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்கு: இரண்டு பக்கமும் உயிர்வேலி, நடுவில் ஒரு மாட்டுவண்டி போகிற அளவுக்குத் தடம். வேலியில் கிளுவை, கள்ளி, பிரண்டை, கோவைக்கொடி, சங்கஞ்செடி. வேலிக்கடியில் கவுதாரி, கீரி, ஓணான், அதிர்ஷ்டம் இருந்தால் முயல். ஊரிலிருந்து காட்டுக்கும், காட்டிலிருந்து அடுத்த ஊருக்கும் போகிற வழி. யாருடைய நிலமும் இல்லாத, ஆனால் இரண்டு பக்கமும் யாருடையதோவாக இருக்கிற வழி.

வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பதுதான் கொறங்காடு. மழை குறைந்த, சரளை மண்ணுள்ள நிலத்தை உழுது பாழாக்காமல் மேய்ச்சலுக்கென்றே விட்டு வைத்த ஏற்பாடு. மூன்று செடிகளை வைத்து இதைச் சொல்லிவிடலாம். தரையில் கொழுக்கட்டைப் புல். நடுநடுவே வெள்வேல மரம், நிழலுக்கும் கோடையில் நெற்றுக்கும். சுற்றி முள்கிளுவை வேலி. நிலத்தைப் பல துண்டுகளாக வேலி போட்டுப் பிரித்து, ஒன்றில் மேய்த்து மற்றதைத் தளிர்க்க விடுவார்கள். காங்கயம் மாடும் மேச்சேரி ஆடும் இந்த நிலத்தில் உருவானவை. காங்கயம் கன்று பிறக்கும்போது செவலையாக இருக்கும், ஆறு மாசத்தில் சாம்பல் ஏறும். தையில் அந்தப் புல்லும் கிட்டத்தட்ட அதே நிறத்துக்கு வந்துவிடுகிறது. வடகிழக்குப் பருவமழை முடிந்து, பச்சை வடிந்து, வெயில் சாயும்போது நிலம் முழுக்கப் பழுப்பும் வெள்ளியுமாக அசைகிறது. அதற்கு மேலே தாழ்வாக ஒரு பூனைப்பருந்து. மத்திய ஆசியாவிலிருந்து குளிர்காலத்துக்கு வந்த பறவை, காங்கயத்துப் புல்லில் எலி தேடுகிறது.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிப் பேச வேண்டும். கொங்கில் 'காடு' என்றால் வனம் இல்லை. மானாவாரி நிலம், மேட்டு நிலம். "காட்டுக்குப் போயிட்டு வர்றேன்" என்றால் புலி இருக்கிற இடத்துக்கு அல்ல. கிணற்றுப் பாசனம் இருந்தால் தோட்டம், வாய்க்கால் பாய்ந்தால் வயல், வானத்தை நம்பினால் காடு. காடும் காடு சார்ந்த இடமும் முல்லை என்று பள்ளிக்கூடத்தில் ஒப்பித்தோம். ஒப்பிக்கும்போது மனசில் வந்த படம் அடர்ந்த மரங்கள். ஆனால் முல்லையின் தெய்வம் மாயோன், மக்கள் ஆயர், தொழில் மேய்ச்சல். அடர்ந்த மரங்களுக்குள் மாட்டு மந்தையை எப்படி மேய்ப்பது? முல்லை என்பது பெருமளவுக்குப் புதரும் புல்லும் கலந்த திறந்த நிலம் என்று எடுத்துக்கொண்டால், கொறங்காடு அதன் கடைசித் துண்டுகளில் ஒன்று. பாடப்புத்தகத்தில் இருக்கிற திணை ஒன்று தாராபுரம் பஸ்ஸின் ஜன்னலுக்கு வெளியே இருந்திருக்கிறது.

அரசாங்கத்துக்கும் இந்தக் குழப்பம் உண்டு. மரம் இருந்தால் காடு, பயிர் இருந்தால் விளைநிலம், இரண்டும் இல்லையென்றால் தரிசு. புல் என்பது ஒன்றுமில்லாததன் பெயர். காற்றாலையும் சூரிய ஒளித் தகடும் முதலில் இங்கே வந்து நிற்பதற்கு வெயிலும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் மட்டும் காரணமில்லை. 'அங்க பாக்கறதுக்கு என்ன இருக்கு' என்கிற அதே கேள்வியும் ஒரு காரணம்.

சரி, நாவல்களுக்கு வருகிறேன்.

ஆர். சண்முகசுந்தரம் தாராபுரம் பக்கத்துக் கீரனூர்க்காரர். 1942இல் வந்த 'நாகம்மாள்' தமிழின் முதல் வட்டார நாவல் என்று எல்லாரும் சொல்கிறோம். சொல்லிவிட்டு, வட்டாரம் என்பதைப் பேச்சுவழக்கு என்று சுருக்கிக்கொள்கிறோம். அந்த நாவலின் உயிர் பேச்சில் மட்டும் இல்லை, பங்கில் இருக்கிறது. விதவையான நாகம்மாள் கணவனின் பங்கு நிலத்தைக் கேட்கிறாள், கெட்டியப்பன் தூண்டிவிடுகிறான், கொழுந்தன் சின்னப்பன் கொலையாகிறான். ஒரு குடும்பத்து நிலத்தின் நடுவில் ஒரு கோடு விழ வேண்டுமா என்பதுதான் கதை. வேலி போட்டே நிலத்தை அறிந்த சமூகத்தில் அந்தக் கோடு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை, இரண்டு நாள் இட்டேரியில் நடந்த பிறகுதான் நான் உடம்பில் உணர்ந்தேன். நாகம்மாளுக்கு வேண்டியிருப்பது விளைச்சல் அல்ல, வேலி. தன்னுடையது என்று சொல்ல ஒரு பக்கம். இதைக் கவனிக்காமல் அவளை 'துணிச்சலான பெண்', 'அடங்காத பெண்' என்ற இரண்டு சட்டங்களுக்குள் வைத்தே எண்பது வருஷம் ஓட்டிவிட்டோம்.

இன்னும் பின்னால் போனால் அண்ணன்மார் சாமி கதை. பொன்னர், சங்கர், தங்கை தங்காள். இந்தக் கதைப்பாடலைச் சக்திக்கனல் பதிப்பித்திருக்கிறார். 1960களின் நடுவில் காங்கயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கியிருந்த பிரெண்டா பெக் ஒலிநாடாவில் பதிந்து, பின்னால் தமிழும் ஆங்கிலமுமாக வெளியிட்டார். வீரத்துக்கும் தங்கைப் பாசத்துக்கும் இதைப் படிக்கிறோம். இன்னொரு விதமாகவும் படிக்கலாம்: உழுகிறவர்கள் வேட்டையாடுகிறவர்களின் நிலத்துக்குள் நுழைந்த கதை. ஒரு பக்கம் ஏர், மறுபக்கம் வேட்டுவர். வேட்டுவர் பக்கத்துக் காட்டுப்பன்றி கொம்பன் வெள்ளாமையை அழிக்க வருகிறது. அதை வீழ்த்த உதவுவது பொன்னாச்சி என்கிற குட்டி நாய். கதை உழவர் பக்கம்தான் நிற்கிறது. ஆனாலும் அது வேட்டுவரை மறக்கவில்லை, பன்றியையும் கிளியையும் மறக்கவில்லை. நிலம் கைமாறியதற்கான சாட்சியம் எல்லாம் அதற்குள்ளேயே கிடக்கிறது.

அமெரிக்கப் புல்வெளியான பிரெய்ரியின் கதை இதிலிருந்து ரொம்ப தூரமில்லை. அங்கேயும் ஏர் வந்தது, வேட்டைச் சமூகங்கள் துரத்தப்பட்டன. கோடிக்கணக்கில் இருந்த காட்டெருமைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் சில நூறாகச் சுருங்கின. 1874இல் முள்கம்பிக்குக் காப்புரிமை வாங்கினார்கள், அதோடு திறந்த புல்வெளி முடிந்தது. ஒரு விஷயம் மட்டும் தலைகீழ். அங்கே வேலி புல்வெளியைக் கொன்றது. இங்கே வேலிதான் அதைக் காப்பாற்றியது. கிளுவை வேலி போடாத பொது மேய்ச்சல் நிலங்கள் பல ஊர்களில் புறம்போக்காகிப் பட்டாவாகி மறைந்துவிட்டன. மிச்சமிருப்பது தனியாருடைய கொறங்காடு. இது எனக்குச் சங்கடமான உண்மை. புல்லையும் பறவையையும் காப்பாற்றியது யாருடைய கருணையும் அல்ல, சொத்து. அந்தச் சொத்து யாரிடம் இருந்தது, யாரிடம் இல்லாமலிருந்தது என்பதைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் இந்த நிலத்தின் அழகைப் பற்றிய எந்தப் பேச்சும் பாதிதான்.

வில்லா கேதரின் 'மை ஆன்டனியா' 1918இல் வந்தது. நெப்ராஸ்காப் புல்வெளியில் நடக்கிற நாவல். அதன் கடைசியில் கதைசொல்லி நடந்துபோகும்போது, உழவில் அழிந்த பழைய வண்டித் தடத்தின் ஒரு துண்டு தட்டுப்படும். அளந்து போட்ட நேர்ச் சாலைகள் வருவதற்கு முன்னால் புல்லின்மேல் வளைந்து வளைந்து போன தடம். அந்த இடத்தைப் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது இட்டேரி. வித்தியாசம் என்னவென்றால் அவன் திரும்பி வருகிறவன். படித்து, நகரத்துக்குப் போய், வசதியாகி, ஏக்கத்தோடு வருகிறவன். பிரெய்ரி இலக்கியத்தின் பெரும்பகுதி இப்படித் திரும்பி வருகிறவர்கள் எழுதியது. நடந்து பார்ப்பதற்காக நடப்பவர்கள். தோரோவின் 'நடத்தல்' கட்டுரையிலிருந்து வில்லியம் லீஸ்ட் ஹீட்-மூன் கான்சாஸின் ஒரே ஒரு மாவட்டத்தைச் சுற்றிச் சுற்றி எழுதிய 'பிரெய்ரியர்த்' வரை அந்த வரிசை போகிறது.

இந்த வரிசைக்குப் பக்கத்தில் 'கூளமாதாரி'யை வைத்துப் பாருங்கள்.

பெருமாள்முருகன் 2000இல் எழுதிய நாவல். கூளையன், வவுறி, நெடும்பன், மொண்டி, செவிடி. பண்ணையங்களில் ஆடு மேய்க்க விடப்பட்ட சக்கிலியக் குழந்தைகள். நாள் முழுக்க நடக்கிறார்கள். தமிழில் இவ்வளவு நடை உள்ள நாவல் வேறு எது என்று யோசித்துப் பார்த்தேன், சட்டென்று எதுவும் வரவில்லை. ஆனால் இந்த நடையில் தூரம் இல்லை. காலையில் கிளம்பிய பட்டிக்கே சாயங்காலம் திரும்ப வேண்டும். கூளையன் ஒரு வருஷத்தில் நடக்கிற தூரத்தை நேர்கோட்டில் போட்டால் காசிக்கே போய்விடலாம், ஆனால் அவன் அந்தக் காட்டை விட்டு வெளியேறவே இல்லை.

இந்த நாவலைப் பற்றி வந்த பேச்சு பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, சாதிக் கொடுமையின் ஆவணம். இன்னொன்று, குழந்தைகளின் உலகம், இயற்கை வர்ணனை, பனைமரம் என்று உருகுவது. முதல் வகைக்காரர்களுக்கு நிலம் பின்திரை. இரண்டாம் வகைக்காரர்களுக்குச் சாதி கொஞ்சம் கசப்பான பக்க விளைவு. இரண்டுமே நாவலைப் பாதியாக வெட்டுகின்றன என்பது என் வாதம். கூளையனுக்கு அந்த நிலம் தெரிந்த அளவுக்கு அதன் சொந்தக்காரருக்குத் தெரியாது. எந்தப் புல்லை ஆடு முகர்ந்துவிட்டு விடும், எந்த மரத்தடியில் எத்தனை மணிக்கு நிழல் விழும், எந்த வேலியில் சந்து இருக்கிறது, எல்லாம் அவனுக்கு அத்துப்படி. தெரிந்துகொள்ளாமல் இருக்க அவனுக்கு வழியில்லை, ஒரு ஆடு குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவன் அவன்தான். அறிவும் அடிமைத்தனமும் ஒரே நடையிலிருந்து பிறக்கின்றன. பண்ணைக்காரர் மகன் செல்வனும் அதே காட்டில் அதே விளையாட்டுகளை விளையாடுகிறான். ஆனால் அவனுக்கு அது விளையாட்டு முடிந்ததும் வீட்டுக்குப் போகிற இடம். இந்த வித்தியாசத்தைப் பெருமாள்முருகன் எங்கேயும் பிரசங்கம் பண்ணுவதில்லை. ஆடுகளைப் பின்தொடர்ந்து போகிறார், அவ்வளவுதான். அதனால்தான் அது பதிகிறது.

'பூனாச்சி' பிறகு வந்தது, 2016இல். 'மாதொருபாகன்' சர்ச்சைக்கும் எழுத்தாளரின் மௌனத்துக்கும் பிறகு. பலருக்கும் பிடித்த நாவல், எனக்கும் பிடிக்கும். இருந்தாலும் ஒரு குறை சொல்லியாக வேண்டும். அதில் நிலம் பெயரிழந்துவிட்டது. காரணம் புரிகிறது, ஊர்ப்பெயரும் சாதிப்பெயரும் என்ன பாடு படுத்தும் என்று பட்டவர் அவர். ஆனால் உருவகமாக மாறியபோது ஆட்டுக்குக் காது குத்தும் அரசாங்கம் துல்லியமாகிவிட்டது, புல் மங்கிவிட்டது. 'கூளமாதாரி'யில் ஒரு வேலியைத் தாண்டினால் அடுத்த காடு யாருடையது என்று தெரியும். 'பூனாச்சி'யில் அது தெரியாது. சர்ச்சை எழுத்தாளரிடமிருந்து எதைப் பிடுங்கியது என்று யாராவது கேட்டால், நான் இதைத்தான் காட்டுவேன்.

இந்த மண்ணிலிருந்து வந்த இன்னொரு நடைக்காரர் சு. தியடோர் பாஸ்கரன். 1940இல் தாராபுரத்தில் பிறந்தவர். சூழலியலைத் தமிழில் எழுதச் சொற்கள் இருக்கின்றன, தேடத்தான் வேண்டும் என்று எங்களில் பலருக்குக் காட்டியவர். பறவைப் பெயர்களை நான் படித்தது அவரிடம். அவர் கட்டுரைகளில் நடப்பவர் பார்ப்பதற்காக நடக்கிறார், பொறுமையாக, பெயர் சொல்லி. அந்தப் பொறுமை நமக்கு வேண்டும். கானமயில் என்கிற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். மூதுரைச் செய்யுளில் வருவது காட்டில் ஆடுகிற மயில் என்று நமக்குச் சொல்லித் தந்தார்கள். பறவை ஆர்வலர்களோ, ஆள் இடுப்பளவு உயர்ந்து புல்வெளியில் நடக்கிற ஒரு பெரும்பறவைக்கு அந்தப் பெயரை வழங்குகிறார்கள். தக்காணத்துப் புல்வெளிகளில் பரவலாக இருந்த பறவை, இன்றைக்கு நாடு முழுக்க இருநூறுக்கும் குறைவு, பெரும்பாலும் ராஜஸ்தானில். நான் மூன்று நாளில் பார்த்தது மயில்களைத்தான். எண்ணவில்லை, எண்ணி முடியாது. மயில் பெருத்துவிட்டது என்று விவசாயிகள் புலம்புகிறார்கள். நரி குறைந்தது ஒரு காரணம் என்று டீக்கடையில் ஒருவர் சொன்னார். ஓநாய் இருந்த நிலத்தில் இப்போது தெருநாய் வேட்டையாடுகிறது. காங்கயம், வெள்ளகோவில் பக்கம் நாய்கள் கடித்துச் செத்த ஆடுகளுக்கு நஷ்டஈடு கேட்டு விவசாயிகள் ரோட்டுக்கு வந்ததைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். இதையெல்லாம் எழுத 'கூளமாதாரி'யின் கண்ணும் வேண்டும், பாஸ்கரனின் கண்ணும் வேண்டும். இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கிற புத்தகம் இன்னும் வரவில்லை.

நம் இணைய இதழ்களில் இப்போது நடைக் கட்டுரைகள் நிறைய வருகின்றன. நானும் எழுதியிருக்கிறேன், அதனால் தைரியமாகச் சொல்கிறேன்: அவற்றில் பெரும்பாலானவற்றில் நடப்பவன் தன்னைத்தான் பார்க்கிறான். இரண்டாவது பத்தியிலேயே மௌனம் வந்துவிடும், மூன்றாவதில் பிரபஞ்சம். வழியில் யார் தண்ணீர் கொடுத்தார்கள், அந்த வழியை யார் போட்டார்கள் என்ற கேள்வி வராது. வழி இங்கே புதிதல்ல. கோயம்புத்தூருக்கு மேற்கே, பாலக்காட்டுக் கணவாயைப் பார்த்த குன்றில், இராசகேசரிப் பெருவழி என்று பெயர் வெட்டிய சோழர் காலக் கல்வெட்டு இருக்கிறது. அதற்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன்னால், நொய்யல் கரையில் கொடுமணலில் இரும்பு உருக்கினார்கள், கல்மணி பட்டை தீட்டினார்கள், பானையில் பெயர் எழுதினார்கள். வெள்ளலூரில் ரோமானியக் காசுகள் கிடைத்தன. காசு நடந்தா வந்தது? யாரோ சுமந்து நடந்தார்கள். அவர்களில் ஒருவர்கூட அதை 'ட்ரெக்கிங்' என்று நினைத்திருக்க மாட்டார்கள். இன்றைக்கும் பழனிக்கு நடக்கிற ஆயிரக்கணக்கான பேர் அப்படி நினைப்பதில்லை. வேண்டுதல், வழக்கம், அப்பன் நடந்தான் நானும் நடக்கிறேன். எடப்பாடியிலிருந்து காவடியோடு தலைமுறை தலைமுறையாக வருகிறவர்கள் இருக்கிறார்கள். தமிழின் நெடுநடை மரபு இதுதான், இதைப் பற்றி ஒரு நல்ல உரைநடை நூல் வந்திருந்தால் எனக்குச் சொல்லுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

இரண்டாம் நாள் சாயங்காலம், தாராபுரத்துக்கு முன்னால், ஒரு இட்டேரி சூரியத் தகடுகளின் கம்பிவேலியில் போய் முட்டி நின்றது. வேலிக்கு உள்ளே தகடுகளின் அடியில் புல் நன்றாக இருந்தது. வெளியே ஒரு அம்மா, அறுபது வயசு இருக்கும், வெள்ளாடுகளை ஒதுக்கிக்கொண்டு நின்றார்.

"பழனிக்குங்களா சாமி?"

ஆமாம் என்றேன். கழுத்தில் மாலை இருந்தது, அதனால் சாமி என்றாரா, வேறு காரணமா என்று தெரியவில்லை. கொங்கில் அந்தச் சொல்லுக்கு இரண்டு வழி உண்டு. கேட்கவும் முடியாது.

"அம்மா, நீங்க என்னைய தம்பின்னே கூப்புடுங்க" என்றேன்.

சிரித்தார். "ரோட்டுல போகாம ஏனுங் இதுக்குள்ள வந்தீங்க? முன்னால இது கெழக்க வரைக்கும் போவும். இப்ப அடைச்சுப்புட்டாங்க."

சும்மா, பார்க்கலாமென்று வந்தோம் என்றேன். அவருக்கு அது பதிலாகப் படவில்லை. "இதுல பாக்கறதுக்கு என்னங் இருக்குது?" என்றார். நண்பன் கேட்ட அதே கேள்வி. ஆனால் இது வேறு கேள்வி.

பிறகு ஆடுகளை எண்ண ஆரம்பித்தார். விரலை மடக்கி ஒரு தரம், வாய்விட்டு ஒரு தரம். ஒன்று குறைந்தது. செவலைக் குட்டி. கம்பிவேலிக்கு அடியில் நுழைந்திருக்குமோ என்று குனிந்து பார்த்தார், இல்லை. நாங்கள் வந்த வழியிலேயே திரும்பி நடந்தார். வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது, எங்களுக்குத் தாராபுரம் இன்னும் ஏழெட்டு கிலோமீட்டர் இருந்தது. நாங்கள் மூன்று பேரும் பையை வேலியோரம் வைத்துவிட்டு, ஆளுக்கொரு பக்கம் கிளுவைக்குள் குனிந்து பார்த்துக்கொண்டே அவர் பின்னால் போனோம். ஒரு ஆள்காட்டி கத்திக்கொண்டு எழும்பியது. அரை மணி நேரம் கழித்து, நாங்கள் ஏற்கெனவே தாண்டி வந்த ஒரு கோவைக்கொடிப் புதரில், கால் சிக்கி, சத்தமே போடாமல் நின்றுகொண்டிருந்தது குட்டி. அவர்தான் பார்த்தார்.